அம்மாவைக் கூப்பிடச் சொன்னாங்க

இத்தாலிய வினைச்சொற்களை ஆராய்கிறவளுக்கு சேலம் புது பஸ் ஸ்டாண்டில் என்ன வேலை என்று என் அம்மாவே கேட்டாள். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பிழைப்பு இத்தாலியின் வடக்கே பதுவாவில், ஒரு பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையில். லீவில் ஊருக்கு வந்தால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து கிடப்பதுதான் வழக்கம். இந்த முறை துறையில் பக்கத்து மேஜைக்காரியான லூச்சியாவும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "தமிழில் வினைகள் ஒன்றோடொன்று சேர்வதைப் பற்றிப் பேசிப் பேசி என் உயிரை எடுக்கிறாய். நானே வந்து என் காதால் கேட்கிறேன்" என்றாள்.

தூத்துக்குடியில் அது நடக்கவில்லை. வெள்ளைக்காரியைப் பார்த்ததும் என் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார்கள். ஆங்கிலமே தெரியாத என் பெரியப்பாகூட "ஃபிஷ், குட், ஈட்" என்று பரிமாறினார். அப்போதுதான் கோகிலா ஞாபகம் வந்தது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் என் அறைத்தோழி. வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். திருச்செங்கோட்டில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். போனில் விஷயத்தைச் சொன்னேன். "எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வா. எங்கம்மா இங்கிலீஷ் பேசாது. தமிழ்ல பேச ஆரம்பிச்சா நிறுத்தவும் நிறுத்தாது" என்றாள்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் தாண்டிய வெயிலில் சேலத்தில் ஒரு தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றோம். தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் இரண்டு வகைச் சட்னியும் வைத்து அமுக்கித் தருவார்கள். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். லூச்சியா ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஒரு பண்டமா, இரண்டு பண்டமா?" என்று கேட்டாள். கடைக்காரரிடம் மொழிபெயர்த்தேன். "பிரிச்சுத் தின்னா நல்லா இருக்காதுங்க, அவ்வளவுதான்" என்றார். அதை இவளுக்குச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் சட்னி மூக்கில் ஏறிவிட்டது.

அப்படிச் சிரிக்க அதில் என்ன இருக்கிறது என்றால், எங்கள் இருவருக்கும் சோறு போடுவதே அந்தக் கேள்விதான். இத்தாலியில் 'உன்னைப் பார்க்க விரும்புகிறேன்' என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். 'உன்னை' என்கிற குட்டிச் சொல், நியாயப்படி தான் இருக்க வேண்டிய இடத்தில், 'பார்க்க'வின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்: வோல்யோ வெதெர்தி. அல்லது அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி 'விரும்புகிறேன்' என்பதற்கு முன்னால் போய் உட்காரலாம்: தி வோல்யோ வெதெரே. அர்த்தம் ஒன்றுதான். ஆனால் விரும்பு, முடி, வேண்டும், தொடங்கு மாதிரிச் சில வினைகள்தான் இந்தத் தாவலுக்கு இடம் கொடுக்கும். 'வெறு' என்கிற வினை கொடுக்காது. உன்னைப் பார்ப்பதை வெறுக்கிறேன் என்றால் 'உன்னை' இருந்த இடத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.

ஏன் அப்படி? எல்லா வினைக்கும் பின்னால் இரண்டாவது வினை தனி வாக்கியமாகத்தான் பிறக்கிறது, சில வினைகள் மட்டும் நடுவில் இருக்கும் சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன என்று ஒரு கட்சி. அந்தச் சில வினைகளுக்குச் சுவரே எழும்பவில்லை, பிறக்கும்போதே ஒன்றுதான் என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி, லூச்சியா இரண்டாவது. இதற்குப் போயா சண்டை என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மாநாட்டில் ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காமல் தனித்தனி மூலையில் நின்று காபி குடிக்கிற அளவுக்குச் சண்டை.

திருச்செங்கோடு போகிற பஸ் மல்லசமுத்திரம் வழியாகப் போகும். ஊர் வந்தால் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டேன். "கண்டிப்பாச் சொல்றேனுங்க" என்றார். ஆட்டையாம்பட்டியில் ஒரு அக்கா பெரிய கைமுறுக்குப் பையோடு ஏறி எங்கள் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தார். நடுவில் லூச்சியா, ஜன்னலோரம் நான். காற்று முகத்தில் அடித்ததும் தூங்கிப்போனேன். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முறுக்கு அக்காவும் தூங்கிப்போனார். நான் கண்ணைத் திறந்தபோது பஸ் மல்லசமுத்திரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, சொல்றேன்னீங்களே!" என்று கத்தினேன்.

"சொன்னனுங்களே!" என்றார் கண்டக்டர். "அந்த முறுக்கு அக்காவை எழுப்பச் சொன்னேன். வெள்ளைக்காரம்மா நல்லாத் தலையை ஆட்டுச்சு, அப்புறம் சும்மா உக்காந்துக்குச்சு."

முறுக்கு அக்கா திடுக்கிட்டு எழுந்தார். "என்னைய எழுப்பச் சொன்னீங்களா? எப்பங்க சொன்னீங்க? காதுல உழுந்திருந்தா எழுப்பியிருக்க மாட்டனா?"

"ஐயோ, உங்களை எழுப்பச் சொல்லலீங்க. உங்களை எழுப்பச் சொன்னேன்!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஓரத்தில் தூங்குகிற அக்கா எழுந்து வழிவிட்டால்தான் நாங்கள் இறங்க முடியும். அதனால் அக்காவை எழுப்பும்படி லூச்சியாவிடம் சொல்லியிருக்கிறார். அக்காவோ, எங்களை எழுப்பும்படி தன்னிடம் சொன்னதாக எடுத்துக்கொண்டார். எது எப்படியோ, விசிலை ஊதி எங்களை நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டார்கள். அக்கா பாவம் பார்த்து ஜன்னல் வழியாக ஆளுக்கொரு முறுக்கு நீட்டினார்.

வெயிலில் திரும்பி நடந்தோம். முட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு குட்டியானை வண்டிக்காரர் நிறுத்தி, "எங்கீங்க போகோணும்?" என்று கேட்டு முன்னால் ஏற்றிக்கொண்டார். இத்தாலியில் இந்த மாதிரி நடுரோட்டில் நின்றால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். வண்டியில் லூச்சியாவுக்கு நடந்ததை விளக்கினேன். அவளுக்குத் தலைகால் புரியவில்லை, சந்தோஷத்தில். "எழுப்புகிறவளும் 'அக்காவை', எழுப்பப்படுகிறவளும் 'அக்காவை'! எழுப்ப வேண்டியது யார் என்கிற நாற்காலி காலியாகக் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்!" என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். இத்தாலியிலும் இந்த வம்பு உண்டு. 'செய்' என்கிற வினையோடு இன்னொரு வினையைச் சேர்த்து 'ஃபாச்சோ க்யமாரே லா மம்மா' என்றால், அம்மாவைவிட்டுக் கூப்பிட வைக்கிறேன் என்றும் எடுக்கலாம், வேறு யாரையாவது விட்டு அம்மாவைக் கூப்பிட வைக்கிறேன் என்றும் எடுக்கலாம். வண்டிக்காரர், "அந்தம்மாவைக் கையை ஆட்டாம இருக்கச் சொல்லுங்க, கியர் மாத்த முடியலீங்க" என்றார்.

கோகிலாவின் அம்மா சரஸ்வதி வாசலிலேயே லூச்சியாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பெயரைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "லூச்சியாவா? கூப்பிட்டா லூசுன்னு திட்டறாப்பல இருக்குது கண்ணு. வேண்டாம். நான் சாமின்னே கூப்பிட்டுக்கறேன். உள்ள வா சாமி" என்றார். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதோடு அவள் சாமி ஆகிவிட்டாள். அப்பா எங்கே என்று கேட்டேன். காட்டுக்குப் போயிருக்கிறார் என்றார். யோசிக்காமல் நான் அதை அப்படியே இத்தாலியில் சொல்லிவிட்டேன். லூச்சியா ஜன்னல் வழியாகக் காட்டைத் தேடினாள். வீட்டைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கு நட்ட வயல்தான். இந்தப் பக்கத்தில் அதைத்தான் காடு என்கிறார்கள். பொழுது சாயும்போது அப்பா குழந்தைவேலு மண்வெட்டியோடு வந்தபோது, காட்டிலிருந்து ஒரு சிங்கத்தையாவது எதிர்பார்த்தவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். எங்கள் ஊரில் பருப்பைத் தனியாகத்தான் குழம்பாக வைப்போம். லூச்சியா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். "இது எங்கள் ஊர் ரிசோத்தோதான். ஆனால் பக்கத்திலேயே நின்று கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம் போல" என்றாள். சரஸ்வதி அம்மா விடவில்லை. "இன்னும் சாப்புடோணும் சாமி. நாளைக்கு மலைக்குப் போகோணும், படியேறோணும்." லூச்சியா என் பக்கம் திரும்பினாள். "போகோணும் ஒரு வார்த்தையா?" போக, வேணும் என்று இரண்டு வார்த்தை, இங்கே 'வேணும்' என்பதன் வகரத்தை விழுங்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள் என்று சொன்னேன். "சுவர் எங்கே? காட்டு பார்ப்போம்" என்றாள். ஒரு வாய்ச் சோற்றுக்கு நடுவில் என் கட்சி தோற்றுக்கொண்டிருந்தது. எரிச்சலாக வந்தது.

சாப்பிட்ட பிறகு கோகிலா என்னைக் கிழங்குக் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். வந்ததிலிருந்தே அவள் முகம் சரியில்லை. கேட்டேன். சொன்னாள்.

மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீடு, பெயர் தினேஷ், பேங்கில் வேலை. திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வைத்து இரண்டு குடும்பமும் பார்த்துக்கொண்டன. "படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குச்சு. மறைக்கவே இல்லை. 'கொஞ்சம் உக்காந்துட்டு வாரேனுங்க'ன்னு எங்கப்பாகிட்டயே சொல்லிட்டு உக்காந்துட்டாரு. எனக்குப் புடிச்சுப் போச்சு" என்றாள். நிச்சயம் ஆகாமல் பெண்ணும் மாப்பிள்ளையும் போன் நம்பர் வாங்கிக்கொள்வது அவள் வீட்டில் வழக்கமில்லை. நடுவில் இருந்து பேசியது அவளுடைய தாய்மாமா. அவர் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியின் மேனேஜர். ஃபேர்லேண்ட்ஸில் பேசி முடித்த அன்றே வண்டி சத்தீஸ்கருக்குக் கிளம்பிவிட்டது. கிளம்புகிற சத்தத்துக்கு நடுவே போன் போட்டு, "அக்கா, மாப்பிள்ளையோட அம்மாவைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றாராம். அதோடு லைன் போய்விட்டது. அதற்கப்புறம் அவர் போனுக்கு டவரே இல்லை. ஆபீஸில் கேட்டால் வண்டி மலைக்குள்ளே இருக்குதுங்க என்கிறார்கள்.

"அந்தம்மா இன்னிக்குக் கூப்பிடும், நாளைக்குக் கூப்பிடும்னு பாத்துப் பாத்து எனக்கு வெறுத்தே போச்சு ஜெனி. அப்பாவுக்கு ரோஷம் வந்திருச்சு. பையன் ஊட்ல இருந்து ஒரு வார்த்தை வரலைன்னா புடிக்கலைன்னுதானே அர்த்தம்ங்கறாரு." திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருக்கும் ஒரு குடும்பம் இன்னொரு பக்கம் பெண் கேட்டுக்கொண்டிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை நேரில் வருகிறார்கள். அப்பா அவர்களுக்குச் சரி என்று சொல்லிவிடப் போகிறார். கோகிலா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் அந்த ஃபேர்லேண்ட்ஸ் அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

மறுநாள் மூன்று பேரும் திருச்செங்கோடு போனோம். ஊருக்குள் நுழையும்போதே ரிக் லாரிகள். முதுகில் துளையிடும் கோபுரத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு, இரும்புக் குழாய்களை அடுக்கிக்கொண்டு, பட்டறைகளுக்கு முன்னால் வரிசையாக நிற்கின்றன. இந்தியாவில் எந்த மூலையில் தண்ணீருக்காகப் பூமியைத் துளைத்தாலும் பக்கத்தில் ஒரு திருச்செங்கோட்டு ஆள் நிற்பார் என்று கோகிலா சொன்னாள். ஒரு பட்டறையில் மூன்று பேர் ஒரே நேரத்தில் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃபிட்டரை வரச் சொல்லுங்க, கம்ப்ரசரைக் கழட்டச் சொல்லுங்க, டிரைவரை டீசல் போடச் சொல்லுங்க. லூச்சியா நின்றுவிட்டாள். அர்த்தம் சொன்னேன். "இந்த ஊரில் யாரும் எதையும் தானே செய்வதில்லை போலிருக்கிறது. எல்லாரும் யாரையாவது செய்யச் சொல்கிறார்கள்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "உங்கள் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? முடிவெட்டிக்கொண்டு வந்தால்கூட வெட்டச் செய்தேன் என்றுதானே சொல்கிறீர்கள்?" என்றேன். கோகிலா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

மலை ஏறும்போது அந்தச் சிரிப்பும் போய்விட்டது. லூச்சியாவுக்குப் படிகள் ஒரு பொருட்டே இல்லை, ஆல்ப்ஸ் மலைக்காரி, முன்னால் போய்விட்டாள். எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன். கோகிலாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கீழே ஊரும் காலேஜ் கட்டடங்களும் அதற்கப்பால் வெளுத்த சமவெளியும் தெரிந்தன. "இந்தப் படியா?" என்று கேட்டேன். "இல்லை, இன்னும் மேல" என்றாள். இறங்கும்போது லூச்சியா வழியில் நின்ற குரங்குக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டுத் தின்பண்டப் பையையும் பறிகொடுத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. சரஸ்வதி அம்மா ஹாலில் கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு நிலக்கடலையை உரிக்க உட்கார்ந்தார். அப்பா நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். ரெக்கார்டரைப் போடுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றாள் லூச்சியா. பஸ்ஸில் முறுக்கு அக்காவுக்கு நடந்த கூத்து இன்னும் அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதே மாதிரி ஒரு வாக்கியத்தைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

நான் கேட்டேன். "அம்மா, 'டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன்'னு ஒருத்தர் சொல்றாருன்னு வையுங்க. யாரு யாரைக் கூப்பிடறாங்க?"

"இதென்ன கேள்வி கண்ணு? ஊட்ல யாருக்கோ மேலுக்குச் சொகமில்லை. டாக்டரைக் கூப்பிட்டுட்டு வாடான்னு ஆள் அனுப்பறாங்க."

"அதெப்படி?" என்றார் அப்பா, விசிறுவதை நிறுத்தாமல். "டாக்டர்தான் கூப்பிடறாரு. டெஸ்ட் எடுத்திருப்பாங்க. ரிசல்ட் வந்தாக் கூப்பிடுங்கன்னு டாக்டருகிட்டச் சொல்லிட்டு வந்திருப்பாங்க."

"உங்களையெல்லாம் டாக்டரு எதுக்குங்க கூப்பிடறாரு? அவருக்கு வேற வேலை இல்லையா?"

"ஏன், கூப்பிட மாட்டாரா? போன மாசம் கண்ணு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடலையா?"

"அது நர்ஸம்மா!"

இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே வாக்கியம், ஒரே வீடு, இரண்டு அர்த்தம். லூச்சியாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்றாலும் சண்டை என்று புரிந்தது. சண்டை வந்தால் எங்கள் தொழிலில் அன்றைக்குத் தீபாவளி. ரெக்கார்டரை இன்னும் பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

சமையலறை வாசலில் கோகிலா நின்றுகொண்டிருந்தாள். கையில் காபி டம்ளர். "அம்மா" என்றாள். "மாமா போன்ல என்ன சொன்னாரு? அப்படியே சொல்லு."

"எத்தனை தடவைதான் சொல்றது? மாப்பிள்ளையோட அம்மாவைக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க..." சரஸ்வதி அம்மாவின் கை கடலையிலேயே நின்றுவிட்டது.

இந்த வாக்கியத்துக்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். கிழங்குக் காட்டில் நின்று அவள் வாயால் கேட்டேன், ஒரு முட்டாளைப் போல அந்த அம்மாவைத் திட்டிவிட்டு வந்தேன். அம்மாவைக் கூப்பிடச் சொன்னார்கள் என்றால், கூப்பிடும்படி அம்மாவிடம் சொன்னார்கள் என்றும் இருக்கலாம். அம்மாவை *நீங்கள்* கூப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள் என்றும் இருக்கலாம். அப்படியானால் ஃபேர்லேண்ட்ஸில் அந்த அம்மா இத்தனை நாளும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "அப்படின்னா மச்சான் எந்த அர்த்தத்துல சொன்னான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் லூச்சியாவைப் பார்த்தேன். அவசரமாக நடந்ததைச் சொன்னேன். அவள் முகத்திலிருந்த சந்தோஷம் இறங்கிவிட்டது. மெதுவாகச் சொன்னாள்: "இரண்டு அர்த்தம் இருக்கிறது என்று மட்டும்தான் இலக்கணம் சொல்லும். எது சரி என்று அதற்குத் தெரியாது. அந்தக் காலி நாற்காலியில் யாரை உட்கார வைத்தார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்." நான் அதை மறைக்காமல் தமிழில் சொன்னேன்.

மாமாவின் போனுக்கு மறுபடி போட்டுப் பார்த்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. இந்தியில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை அதே குரல் சொன்னது.

"ரெண்டு அர்த்தம் இருக்குதுன்னா நம்ம மரியாதை போற அர்த்தத்தை எதுக்கு எடுக்கோணும்?" என்றார் அப்பா. "அவங்க வேண்டாம்னு நினைச்சிருந்து, நாம கூப்பிட்டா? பொண்ணு ஊட்டுக்காரங்க பின்னாலேயே வாராங்கன்னு பேச்சாயிடும். நாளைக்குத் திருச்செங்கோட்டுக்காரங்க வேற வாராங்க. நான் வாங்கன்னு சொல்லியாச்சு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. தன் பெண்ணை யாரும் குறைவாகப் பார்த்துவிடக்கூடாது என்பதைத் தவிர அவர் மனசில் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரிந்தது. சரஸ்வதி அம்மா உரித்த கடலையையே மறுபடி உரிக்கப் போனார். லூச்சியா ரெக்கார்டரை அணைத்துவிட்டாள். வெளியே எங்கேயோ மோட்டார் ஓடாத கிணற்றடியில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோகிலா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்பா, எனக்கு அந்த ஊட்டுக்குத்தான் போகோணும். எனக்கு அவரைத்தான் புடிச்சிருக்குது" என்றாள். "அவங்க வேண்டாம்னு சொன்னாச் சொல்லட்டும். காதால கேட்டுட்டு அப்புறம் நீங்க சொல்ற எடத்துக்குப் போறேன். கேக்காம என்னால போக முடியாதுங்கப்பா."

வளர்ந்த பெண் அப்பாவுக்கு முன்னால் இப்படிச் சொல்வது அந்த ஹாலில் அதுதான் முதல் தடவை என்பது சரஸ்வதி அம்மாவின் முகத்திலேயே தெரிந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கிழங்குக் காட்டைப் பார்த்தார். திரும்பாமலே, "கூப்பிடு சாமி" என்றார்.

அம்மாவின் போனில் அந்த நம்பர் இருந்தது. கோகிலா ஸ்பீக்கரில் போட்டாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"ஹலோ?"

"அத்தைங்களா? மல்லசமுத்திரத்துல இருந்து கோகிலா பேசறேனுங்க."

லைன் போய்விட்டதோ என்று கோகிலா போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்கண்ணு" என்றது அந்தக் குரல், லேசாக உடைந்து. "இப்பத்தான் தோணுச்சா உங்க ஊட்டுக்கு? நல்லா இருக்கியா சாமி? உங்க மாமாகிட்ட அன்னிக்கே சொல்லி அனுப்பிச்சமே, எந்நேரம்னாலும் என்னைக் கூப்பிடுங்கன்னு. நானும் குளிக்கப் போனாக்கூடப் போனை எடுத்துட்டுப் போறேன். நாங்க ஏதோ தப்பாப் பேசிட்டமாட்ட இருக்குது, உங்களுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு இவன் சரியாச் சோறே திங்கறதில்லை. சொல்லு கண்ணு. எதுவா இருந்தாலும் சொல்லிரு, நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

கோகிலா வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அம்மாவைப் பார்த்தாள். அவரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "ஹலோ? கண்ணு, இருக்கியா?" என்று போன் கேட்டது. மறுபடியும் கேட்டது. என்னை எடுக்கச் சொல்லி லூச்சியா முழங்கையால் இடித்தாள். நான் எடுத்து என்னத்தைப் பேச?

அப்பா எழுந்தார். வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டார். பெண்ணின் கையிலிருந்து போனை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார்.

நிச்சயம் ஆகாத வீட்டை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் அந்த அம்மாவும் சட்டென்று அழ ஆரம்பித்தது ஸ்பீக்கரில் கேட்டது. லூச்சியா என் கையைப் பிடித்து உலுக்கி, "என்ன சொன்னார், என்ன சொன்னார்?" என்றாள். ஆங்கிலக்காரியாக இருந்திருந்தால் நான் அரைப் பக்கம் விளக்கியிருக்க வேண்டும். இத்தாலியில் சம்பந்திக்கு நேர்ச்சொல் உண்டு.

"கொன்சுவோச்செரா" என்றேன். அவள் ரெக்கார்டரையெல்லாம் கீழே தள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் கோகிலாவைக் கட்டிக்கொண்டாள்.